விமலராணியின் ஒரே தலைப்பு

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் தமிழ்ச் சாப்பாட்டை முதன்முதலில் விலைக்குச் செய்து கொடுத்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஒரு சமையற்கட்டை வாடகைக்கு எடுத்து, ஒருவரிடமும் கை நீட்டாமல் எழும்பினேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் விமலராணியைப் பற்றி எழுத வேண்டும்.

விமலராணி யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து கலியாணம் செய்து வந்தவர். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அங்கிருந்த டெனிஷ் கிழவிகளோடு கதைத்துக் கதைத்தே மொழியைப் பிடித்தார். ஓய்வு நாட்களில், உள்ளே கறி வைத்துச் சுருட்டிய றோல்ஸ் பொரித்து விற்கத் தொடங்கி, சில வருடங்களில் என்னைப் போலவே ஒரு சமையற்கட்டும் எடுத்துவிட்டார். கெட்டிக்காரிதான். அது எனக்கு இனித்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வைகாசியில் வயிறே எரிந்தது. என் பக்கத்து வீட்டு டெனிஷ் பெண் அன்னா, தன் கலியாணத்துக்குத் தமிழ்ச் சாப்பாடு வேண்டுமென்று கூகிளில் தேடி விமலராணியைப் பிடித்திருக்கிறாள். நானும் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேனே! அன்னாவிடம் கேட்க மானம் விடவில்லை. நேரே விமலராணியின் சமையற்கட்டுக்குப் போனேன்.

"பிள்ளை, கூகிள்காரனுக்கு என்ன குடுத்தனீர்?"

"ஐயோ அண்ணை, ஒரு றோல்ஸ்கூடக் குடுக்கேல்லை." கையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தைத் தன் கைபேசியில் திறந்தார். "இதென்ன, கோயில் திருவிழா நோட்டீசே? எல்லா வரியும் தலைப்பாக் கிடக்கு."

பக்கத்தை நானேதான் செய்தேன். எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று என் பெயர், 'முன்னோடி', 'சமையற் சக்கரவர்த்தி', சங்கத் தலைவர் பதவி, தொலைபேசி எண் எல்லாவற்றுக்கும் 'முதன்மைத் தலைப்பு' என்ற அமைப்பையே கொடுத்திருந்தேன். நோட்டீசில் பெயரைச் சின்னதாகப் போட்டால் கோபித்துக்கொண்டு போகிற ஆட்கள் நாங்கள்.

"எழுத்தைப் பெரிசாக்கிறது வேற, தலைப்பு வேற அண்ணை. பக்கம் எதைப் பற்றினது எண்டு கூகிள் தலைப்புகளையும் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ளும். உங்கட தலைப்பெல்லாத்திலயும் நீங்கள் இருக்கிறியள். சாப்பாடு எங்கை?"

அவருடைய பக்கத்தில் முதன்மைத் தலைப்பு ஒன்றே ஒன்று. எஸ்பியர்க்கில் கலியாணத்துக்குத் தமிழ்ச் சாப்பாடு என்று டெனிஷில் இருந்தது. அதன் கீழே துணைத் தலைப்புகளாக றோல்ஸ், புரியாணி, மரக்கறி.

"அப்ப என்ரை பேர்?"

"கீழ போடுங்கோ. உங்கட பேர் தெரிஞ்சவை ஏன் தேடுவினம்? நேரே ரெலிபோன் எடுப்பினம்."

வீட்டுக்குப் போனதும் சக்கரவர்த்தியை இறக்கி, சாப்பாட்டை ஒரே தலைப்பாக ஏற்றினேன். விமலராணியைப் பார்த்து எழுதியது என்று ஒருவரும் சொல்லக்கூடாதே, துணைத் தலைப்பில் கொத்துரொட்டியை முதலில் வைத்தேன்.

ஆவணியில் அன்னாவின் கலியாணம். அயலவன் என்று எனக்கும் அழைப்பு. விமலராணியின் றோல்ஸில் குறை தேடினேன். கிடைக்கவில்லை, இன்னொன்று எடுத்தேன். பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் தகப்பன், தன் அறுபதாவது பிறந்தநாளுக்கும் இந்தச் சாப்பாடுதான் வேண்டுமென்று கைபேசியில் தேடினார். எட்டிப் பார்த்தேன். முதலாவது விமலராணி. அடுத்தது நான்! இத்தனை நாளும் எங்கேயோ அடியில் கிடந்த நான். விரலை நீட்டி, "இது நான்தான்" என்று டெனிஷில் சொன்னேன்.

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடித்த றோல்ஸைத் தூக்கிக் காட்டி, "அப்படியென்றால் இதைச் செய்தது நீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வேண்டிவந்தது. அவர் முதலாவதை அழுத்தினார்.