வாளியில் நன்னீர்

என் தம்பி மாதப்பனின் மூத்த மகள் மாதேஸ்வரி 2001ஆம் ஆண்டு கெலமங்கலத்தில் பிறந்தாள். பிறந்த நேரம் குறித்து வீட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. மருத்துவமனைச் சீட்டில் உள்ளதையே குடும்பப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று. அதற்கு முன்பே கடல்வாழ் உயிரியல் முதுகலையில் சேர்ந்துவிட்டிருந்தாள்.

வீட்டில் ஒருவருக்கும் அதில் விருப்பமில்லை. 2022 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் மாதப்பன் ஒரு நிபந்தனை வைத்தான்: ஒரு தாளில் தோற்றாலும் படிப்பை நிறுத்திவிட்டுப் போச்சம்பள்ளியில் ஏதாவதொரு கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும். ‘மாதேஸ்வரி ஒப்புக்கொண்டாள்’ என்று அன்றே பதிவேட்டில் எழுதினேன்.

மறு ஆண்டு மார்ச்சில் இராமநாதபுரம் கடற்கரையில் பன்னிரண்டு நாள் களப்பயிற்சி நடந்தது. அங்கே நடந்ததை அவளுடைய களக்குறிப்பேட்டிலிருந்தும், அவளோடு தங்கியிருந்த தூத்துக்குடிப் பெண் வீரலட்சுமியிடம் கேட்டும் எழுதுகிறேன். இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறது.

நீர் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கிடையே பதினெட்டு வகை உயிர்களைச் சேகரித்து, ஆய்வகத் தொட்டியில் உயிரோடு வைத்து, இனம் கண்டு காட்ட வேண்டும். அதுதான் தேர்வு. மார்ச் 14 காலையில் மாதேஸ்வரி விடுதிக் குழாயடியில், ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு வாளியைத் தேய்த்துக் கழுவி, பாதியளவு நீர் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அகப்பட்டவற்றை ஒவ்வொன்றாக அதில் இட்டாள்.

எங்கள் பக்கத்து ரோஜாத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கிரீன் ஹவுஸில் வெட்டிய பூவை அந்தக் கணமே சுத்தமான தண்ணீர் வாளியில் நிறுத்த வேண்டும். தாமதித்தால் கழுத்துத் தொங்கிவிடும். பத்து வயதிலிருந்து அவள் செய்த வேலை. கடலுயிருக்கு நன்னீர் ஆகாது என்பதை அவள் பாடமாகப் படித்திருந்தாள். ஆனால் வாளியை நிரப்பியது அவளுடைய கை.

ஆய்வகத்தில் வாளியைக் கவிழ்த்தபோது புழுக்கள் ஊதிக் கிடந்தன. நட்சத்திர மீனைப் போன்ற நொறுங்கு நட்சத்திரங்களின் கைகள் கழன்று மிதந்தன. விரிவுரையாளர் பரமசிவம் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, ரோசாப்பூவா பறிச்சிட்டு வந்திருக்க?”

வகுப்பே சிரித்தது. பிறகு அவர் இரக்கத்தோடுதான் சொல்லியிருக்கிறார்: வீரலட்சுமியிடம் இரட்டையாக இருக்கிறது, வாங்கி வைத்துவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்று. வீரலட்சுமியும் தட்டை நீட்டினாள்.

“வேணாங்க சார். இதெல்லாம் நான் கொன்னது. இதத்தான் வெப்பேன்.”

“ஃபெயிலாயிடுவ.”

“ஆவறேங்க சார்.”

செத்தவற்றை அவள் எறியவில்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினாள்: எடுத்த இடம், வாளியில் இட்ட நேரம், ‘என் பிழையால் நன்னீரில் இறந்தது’. அப்போதுதான் நான்கு வகை நத்தைகள் ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு கிடப்பதைக் கண்டாள். ஒரு நண்டும் வாளி விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. ஐந்தையும் கடல்நீருக்கு மாற்றிவிட்டு, எப்போது மூடி திறக்கிறது என்று அன்று முழுவதும் உட்கார்ந்து குறித்தாள். அந்தக் குறிப்பு ஆறு பக்கம். தேர்வு மேசையில் அதையும் இறந்தவற்றையும் வைத்தாள். விதிப்படி ஐந்து உயிர்களுக்கு மட்டுமே மதிப்பெண் கிடைத்தது.

முடிவு ஜூனில் வந்தது; அந்தத் தாளில் தோற்றிருந்தாள். மாதப்பன் உடனே ஒரு கம்பெனியில் பேசி, ஜூலை 10 திங்கட்கிழமை சேர வேண்டும் என்று நாள் வாங்கிவிட்டான். மறுதேர்வுக்கு அவள் புறப்பட வேண்டிய நாளும் அதுவே. ஜூன் 18 அன்று பூத் தரம் பிரிக்கும் கொட்டகையில் அவளை நிறுத்திக் கேட்டான்.

“குடுத்த வாக்கு என்னாச்சு?”

“நீங்க சொன்னீங்கப்பா. நான் சரின்னு சொல்லவேயில்ல. பேசாம நின்னேன், அவ்ளோதான்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “ண்ணா, நோட்டுல இருக்குதில்ல? எடுத்துப் படி.”

பதிவேட்டை எடுத்து வந்து படித்தேன். அவள் கையிலிருந்த பூவை வாளியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பெரியப்பா, நான் சொன்னத உங்க காதால கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அவள் தலை குனிந்து நின்றதைத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் அப்படி நின்றால் சம்மதம் என்று கொள்வது வழக்கம். கேட்காததை எழுதியது என் பிழை. அங்கேயே அந்த வரியை அடித்து, ‘பதில் சொல்லவில்லை’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்டேன். மாதப்பன் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

ஜூலை 10 காலையில் கம்பெனிப் பேருந்து வந்து நின்று இருமுறை ஒலி எழுப்பியது. நிறுத்தத்தில் சிவப்பு வாளியோடு நின்ற மாதேஸ்வரி ஏறவில்லை. அது போன பிறகு வந்த இராயக்கோட்டை டவுன் பஸ்ஸில் ஏறி மறுதேர்வுக்குப் புறப்பட்டாள். வாளி காலியாக இருந்தது, நான் பார்த்தேன்.

மறுதேர்வில் வாளியைக் கடலிலேயே நிரப்பினாள்; பதினெட்டும் உயிரோடு நின்றன. பழைய சீட்டுகளைக் கிழித்துவிடும்படி விரிவுரையாளர் சொன்னபோது மறுத்துவிட்டாள். அவற்றின் நகல் இந்தப் பதிவேட்டில், நான் அடித்த வரிக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.