ஆளில்லாத இருக்கைக்கு இட்ட பொட்டு

என் மகளை ஒரு பொக்லைன் ஆப்பரேட்டருக்குக் கொடுத்தபோது, காப்பித் தோட்டம் வைத்திருந்த வரன் ஒன்றைத் தட்டிக்கழித்துவிட்டே கொடுத்தேன். அந்த முடிவுக்கு என்னிடம் காரணம் இருந்தது. என் ஆயுளின் பெரும்பகுதியை நானும் அந்த மண் வெட்டும் இயந்திரத்தின் கேபினுக்குள்தான் கழித்தேன். முதுகெலும்பு தேய்ந்து, மருத்துவர் தடுத்த பிறகே கீழே இறங்கினேன். சேர்வராயன் மலையில் மழை பெய்கிற காலமெல்லாம் மண் சரியும். மண் சரிகிற காலமெல்லாம் சாலையை மீட்க ஓர் ஆப்பரேட்டர் தேவைப்படுவான். காப்பியின் விலை இறங்கலாம், மிளகுக்கொடி பட்டுப்போகலாம், இந்தத் தொழிலுக்கு மட்டும் ஓய்வில்லை என்று, பெண் பார்க்க வந்திருந்தோர் முன்னிலையில் உரக்கவே சொன்னேன். என் மகள் என் சொல்லை நம்பிக் கழுத்தை நீட்டினாள்.

மாப்பிள்ளை வெள்ளக்கடையைச் சேர்ந்தவர். திருமணத்துக்குப் பின் வாழவந்தியில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே குடியமர்ந்தார். ஏற்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையை அகலப்படுத்தும் பணி தொடங்கியபோது, ஒப்பந்தக்காரர் அவரைத்தான் முதலில் அழைத்தார். மாப்பிள்ளையின் வேலையில் அவசரம் இருக்காது. வெட்டி முடித்த மண்சுவரின்மீது, மண் அள்ளும் பக்கெட்டின் முதுகை வைத்து அவர் ஒருமுறை அழுத்தித் தடவினால், கொத்தனார் பூசிய சுவரைப்போல் அது நிற்கும்.

அந்த வேலைத்தளத்துக்குப் புதிய இயந்திரம் ஒன்று வந்தது. அதன் கையிலும் நெற்றியிலும் கேமராக்கள் இருந்தன. சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை எழுப்பி, அதனுள் திரைகளை வைத்தார்கள். அதனுடன் வந்திருந்த பொறியாளர் பணிவான இளைஞர்; வேடிக்கை பார்க்கப் போன என்னையும் ஐயா என்றே அழைத்தார். இயந்திரம் தானாக வெட்டுவதற்கு முன், நல்ல கை ஒன்று வெட்டுவதை அது சில காலம் பார்த்துப் பழக வேண்டும் என்று விளக்கினார். கேபினில் அமர்ந்து மாப்பிள்ளை லீவரை அசைக்கும் ஒவ்வோர் அசைவும் அதன் நினைவில் பதியுமாம்.

"ஒங்க கைதானுங்க தம்பி அதுக்கு வாத்தியாரு," என்றார் ஒப்பந்தக்காரர்.

குளிரூட்டிய கேபின், தூசு படாத இருக்கை. பதவி உயர்வு என்றே நாங்கள் எண்ணினோம். என் மகள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தாள்.

கிளியூரைச் சேர்ந்த மற்றோர் ஆப்பரேட்டர் மட்டும் அப்படி எண்ணவில்லை. பழைய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த அவர், வேலைத்தளத்தை ஒட்டிய டீக்கடையில் என் எதிரிலேயே மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, பாடமெல்லாம் எப்படிப் போவுதுங்க? பையன் நல்லாப் படிக்கறானுங்களா?"

"படிக்கறானுங்க. ஒங்களாட்டம் டீக்கடைல உக்காரறதில்லீங்க," என்றார் மாப்பிள்ளை.

"சிரிங்க, சிரிங்க. நாஞ் சொல்றதக் கேளுங்க. கொஞ்சம் கோணலா வெட்டிக் காட்டுங்க. அது கோணலாவே பழகிட்டுப் போவட்டும். நாளைக்கு எந்திரம் ஒதவாதுன்னு சொல்லி நம்மளத்தான் கூப்புடுவாங்க."

"கோணலா வெட்டுனா மேல இருக்கற ஊடெல்லாம் என்னாவறதுங்க? கொழந்தைக தூங்குதுங்க."

"அப்படின்னா நொம்ப நல்லாவே கத்துக் குடுங்க. அப்பறம் நாமளும் ஊட்டுல போயித் தூங்கலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சமவெளியில் பள்ளம் கோணலாக அமைந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மலையில் அப்படியில்லை. சாலையை அகலமாக்குவது என்றால், மேலே இருப்பவர்களின் வீட்டுக்கு அடியில் கைவைப்பது என்று பொருள். சரிவைச் செங்குத்தாக விட்டுவிட்டால் அடுத்த மழை அதைக் கீழே இறக்கும். கூடவே எஸ்டேட் கூலிக்காரர்களின் வீடுகளும் இறங்கும். ஆகவே மலையில் வளர்ந்த ஆப்பரேட்டர் எவராலும் வேண்டுமென்றே கெடுத்து வெட்ட இயலாது. பொய்க்காகக்கூட அவர் கை அதற்கு இணங்காது. மாப்பிள்ளை மேலிருந்து படிக்கட்டுபோலப் படிப்படியாகவே மண்ணை எடுத்தார். பக்கெட்டின் பல்லில் பாறை உரசும்போது கையைத் தளர்த்தினார். ஊற்றின் ஈரம் தென்பட்ட இடத்தில் பின்வாங்கி, வேறு பக்கத்திலிருந்து தொடங்கினார். தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த வேலையை அந்தச் சில வாரங்களில்தான் அவர் செய்தார். அவ்வளவையும் அந்த இயந்திரம் வாங்கி வைத்துக்கொண்டது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வேலைத்தளங்களில் அதற்கென்று ஒரு முறை உண்டு. பக்கெட்டுக்கும், சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் செயினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை சாற்றுவார்கள். பிறகு ஆப்பரேட்டர் கேபினில் ஏறி அமர்வார். மேஸ்திரி தட்டுடன் செயின்மீது ஏறி, அவர் நெற்றியில் பொட்டிடுவார். அதன் பின்னரே இயந்திரம் எலுமிச்சம்பழங்களின்மீது ஏறி நகரும். இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் ஒரே தட்டிலிருந்து எடுத்து வைக்கும் பொட்டு அது.

அன்று மாப்பிள்ளை தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். கற்பூரம் காட்டி முடித்த மேஸ்திரி, "ஆப்பரேட்டரு ஏறுங்க சாமி," என்று குரல் கொடுத்தார். மாப்பிள்ளை வழக்கம்போல் செயினில் கால் வைத்தார்.

கொட்டகையிலிருந்து பொறியாளர் ஓடிவந்தார். "அண்ணா, ஏறாதீங்க. இப்ப அது தானா ஓடுற நிலையில இருக்கு. உள்ள ஆள் இருந்தா நகராதுண்ணா."

மாப்பிள்ளை காலைக் கீழே எடுத்தார். வேட்டியின் ஓரத்தில் ஒட்டிய சந்தனத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டார். தட்டும் கையுமாக மேஸ்திரி செயின்மீது ஏறினார். குங்குமத்தை எடுத்தாகிவிட்டது, அதை எங்கேனும் வைத்தாக வேண்டும். அவர் கேபினுக்குள் கையை நீட்டி, வெறும் இருக்கையின் சாய்மானத்தில் பொட்டிட்டு இறங்கினார். எல்லோரும் விலகி நின்றார்கள். இயந்திரம் தானாக நகர்ந்து, எலுமிச்சம்பழங்களை நசுக்கி, சொன்ன இடத்தில் நின்றது. கூட்டம் கைதட்டியது; பலர் கைப்பேசியில் படம் பிடித்தனர். ஒப்பந்தக்காரர், பூஜைக்கு ஆப்பரேட்டருக்கு வழக்கமாகத் தரும் வேட்டி சட்டையை மாப்பிள்ளையின் கையில்தான் கொடுத்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு எங்கள் இருவரையும் தனியே அழைத்தார்.

"யாரையும் வேலைய விட்டு அனுப்பலீங்க. ரோட்டுல நின்னு கொடி காட்டறதுக்கு நம்பகமான ஆளு ஒருத்தரு வேணுமுங்க."

"பழைய வண்டி இருக்குதுங்களே," என்றேன் நான்.

"அதை வித்தாச்சுங்க."

"வேற சைட்டுல ஏதாச்சும் பாத்துக் குடுங்க."

"அங்கயும் இதேதாங்க வருது. இங்க கத்துக்கிட்டத அங்க திரும்பக் கத்துக்க வேண்டியதில்லையாமுங்க. அப்படியே ஏத்திக்கலாமாம்."

நான் விடாமல் பொறியாளரிடம் போய், கொட்டகையில் திரையைக் கவனிக்கும் வேலையையாவது மாப்பிள்ளைக்குத் தரக்கூடாதா என்று கேட்டேன். "அவரால கண்டிப்பா முடியும் ஐயா. ஆனா எல்லா மெஷினையும் பாத்துக்க ஒரே ஆள் போதும். அந்த ஆள் வந்துட்டாரு," என்றார். மரியாதையுடன்தான் சொன்னார். கிளியூர்க்காரர் அந்த வாரமே கீழே சேலத்துக்குச் சென்று ஒரு துணிக்கடைக்குக் காவலாளியானார் என்று கேள்விப்பட்டேன்.

வீடு திரும்பும் வழியில் மாப்பிள்ளை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மாமா, அவகிட்ட நீங்க சொல்லிப்போடாதீங்க. நேரம் பாத்து நானே சொல்றனுங்க."

சரி என்றேன். அந்த நேரம் இன்னும் வரவில்லை.

சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வேலைத்தளத்துக்கு முன்னால் பஸ் நின்றது. பனிக்குள் சிவப்புக் கொடியுடன் நின்றிருந்தவர் மாப்பிள்ளை. அவர் அருகில் புதிய கம்பம் ஒன்றை நட்டிருந்தார்கள். அதன் உச்சியில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், வண்டிகளை நிறுத்தி அனுப்பும் சிக்னல் விளக்கு ஒன்று இருந்தது. மேலே ஆளில்லாத இயந்திரம், ஈரம் கண்ட இடத்தில் பின்வாங்கி வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. அந்தப் பின்வாங்கலை எங்கே கண்டாலும் நான் அடையாளம் சொல்வேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டார். மற்ற நாளாயிருந்தால், "வாங்க மாமா," என்று ஜன்னலருகே வந்திருப்பார். அன்று சாலையின் மறுபுறம் திரும்பிக்கொண்டார். நானும் மடியிலிருந்த பையை அவிழ்த்து, எதையோ தேடுபவன்போல் குனிந்துகொண்டேன். பஸ் நகரும்வரை நிமிரவில்லை.

மறுநாள் காலை என் மகள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் வேலைச்சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, ஒங்க சட்டையத் தொவைக்க அம்மா எத்தன பாடுபடும். இந்தப் புது மிஷின்ல கிரீஸே படாதுங்களா?"

"படாது கண்ணு," என்றேன்.

"நல்ல மிஷினுங்கப்பா," என்று சொல்லி, அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.