விடியுமுன் எரித்த குப்பை

லெட்சுமணன் அண்ணனைக் கண்டி மஹய்யாவயில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். மாநகர சபையில் தெரு கூட்டி ஓய்வு பெற்றவர். சம்பளம் நின்ற பிறகும் எங்கள் தெருவைக் கூட்டுவதை அவர் நிறுத்தவில்லை. சாவு வீடென்றால் முதல் ஆளாய் வந்து முற்றம் பெருக்கிவிட்டு, ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போவார். எல்லாம் சரி. கூட்டிய பலா இலையையும் பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கையும் ஒன்றாய்க் குவித்து, ஊர் எழும்புமுன் கொளுத்துவார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மகள் சுபாஜினிக்கு ஆஸ்துமா. இந்தத் தை மாதம் முழுக்க, விடிந்தால் இழுப்புத்தான். "அண்ணே, எரிக்காதீங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "வெயில் வர்றதுக்குள்ள பொகை போயிரும்மா" என்று சிரிப்பார்.

நேற்று பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. த்ரீவீலரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாஸ்க் வைத்து மூச்சு திரும்பிய பிறகு டொக்டரம்மா கேட்டார்: "காலையில பக்கத்துல யாராவது குப்பை எரிக்கிறாங்களா?"

பிறகு விளக்கினார். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை விட்டுவிடுமாம். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, மலைச்சரிவுகளில் இறங்கிக் கண்டிப் பள்ளத்தில் தேங்குமாம். மேலே இருப்பதோ அதைவிடச் சூடான காற்று. கீழே உள்ளது அதைத் தாண்டி ஏறாது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. வெயிலில் தரை சுடும்வரை புகைக்குப் போக வழியில்லை.

இன்று விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் வாளித் தண்ணீரோடு போனேன். புகை கோயில் கோபுர உயரம் ஏறி, அதற்கு மேல் போகாமல் தட்டையாய்ப் படுத்துக் கிடந்தது. நெருப்பில் தண்ணீரைக் கொட்டினேன்.

"என்னம்மா இது!"

"மேல பாருங்க! எங்க போகுது உங்க பொகை? என் புள்ள நெஞ்சுக்குள்ளதான் போகுது!" டொக்டரம்மா சொன்னதையெல்லாம் கத்திச் சொன்னேன்.

அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். "பாப்பா இருமுறது கேட்டுத்தாம்மா..." குரல் இறங்கியது. "அது எழும்புறதுக்குள்ள பொகை போயிரட்டும்னு, இன்னும் வெள்ளன, இன்னும் வெள்ளன எரிச்சேன்."

பாவி மனுஷன்! இருமல் கூடக் கூட நேரத்தை முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்.

"அப்ப, நான்தானாம்மா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நீல உதடு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"ஆமா அண்ணே," என்றேன். "நீங்கதான்."