பசுவின் முன்கால்கள்

ஹெதர்க்ளஃப் நாடகக் குழுவில் இருந்தாலும் மேடை ஏறும் ஆசை மேவிஸ் போல்ட்டனுக்கு எந்நாளும் இருந்ததில்லை. பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பாள். குளிர்காலம் வந்தால், மாலையில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் அந்த வருஷப் பாண்டமைம் என்னும் கிறிஸ்துமஸ் கால வேடிக்கை நாடகத்துக்குக் காடும் கோட்டையும் வரைவாள். அது அவளுக்குப் போதுமாயிருந்தது. நாத்தனார் தெல்மாவும் அதே கூடத்தில் இருப்பாள் என்பதுதான் சங்கடம்.

இருவரும் பேசிப் பல வருஷமாகிவிட்டது. மேவிஸின் கணவன் வால்டரை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் சாண்ட்விச்சும் தேநீருமாக உட்கார்ந்திருந்தபோது, டாக்டரை முந்தின நாளே கூப்பிட்டிருந்தால் தன் அண்ணன் பிழைத்திருப்பான் என்று தெல்மா எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டாள். மேவிஸ் எழுந்து, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இந்தத் தடவை, பசுவை விற்று மந்திர விதை வாங்கி, முளைத்த கொடியில் ஏறி அரக்கனிடம் போகும் பையனின் கதை. வழக்கம்போல் பையனாக ஒரு இளம்பெண். பையனின் அம்மாவாகப் பாவாடை கட்டிய கசாப்புக்கடை சிரில். இரண்டு பேர் உள்ளே நுழைந்து ஆடும் துணிப் பசுவுக்கு முன்கால் பிளம்பர் டெஸ்மண்ட், பின்கால் தெல்மா. நாடகத்தின் முதல் நாளன்று காலையில் டெஸ்மண்ட் பனியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார்.

குழுவை நடத்தும் மருந்துக்கடை ஆர்ச்சி, முன்காலுக்கு ஆள் தேடி நேரே மேவிஸின் வீட்டுக்கு வந்தார். எல்லா ஒத்திகையையும் ஓரமாக நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“பின்கால் யாருன்னு தெரியுமில்ல?” என்றாள் மேவிஸ்.

“தெரியும். உள்ள ஒரே இருட்டு. மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல.”

அவளுக்கு மனமே இல்லை. ஆனால் தினமும் தன்னிடம் தட்டை நீட்டும் பிள்ளைகள்தான் முன்வரிசையில் உட்காரப்போகிறார்கள். பசு இல்லாமல் அந்தக் கதை எப்படி நகரும்? சரி என்றாள்.

அன்று மாலை பசுவுக்குள் தெல்மா குனிந்து மேவிஸின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள். முதல் காட்சி எப்படியோ ஒப்பேறியது. சந்தைக் காட்சியில் திரும்பும்போது பசுவின் தலை ஒருபக்கமாகச் சரிந்து, கண்துளைகள் விலகிவிட்டன. மேவிஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் கத்த, அவள் குத்துமதிப்பாக நடந்தாள். இடுப்பு வார் வெடுக்கென்று பின்னால் இழுபட்டது.

“நில்லு மேவிஸ். இன்னும் ஒரு அடி வச்சா கீழ பியானோ மேல விழுவோம்.”

குனிந்தே நின்றதால், பசுவின் வயிற்றிலிருந்த இடைவெளி வழியாகத் தெல்மாவுக்கு மேடைப் பலகை தெரிந்தது. வலது, இன்னும் கொஞ்சம் என்று கிசுகிசுத்தே அவளை நடுமேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அடுத்தது, பையன் பசுவைப் பிரியும் பாட்டு. பசு அசையாமல் நிற்க வேண்டும்.

அந்த இருட்டில், இத்தனை வருஷம் சொல்லாததை மேவிஸ் சொன்னாள்.

“அவருக்கு முந்தின நாளே நெஞ்சு வலிச்சுது. நான் டாக்டர்னு சொன்னதும் போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டாரு. அத்தனை பேர் முன்னால அவரை எப்படி விட்டுக்குடுக்கிறது?”

தெல்மாவின் நெற்றி அவள் முதுகில் வந்து சாய்ந்தது.

“செஞ்சிருப்பான். சின்ன வயசுல பல்லு வலிச்சு மூஞ்சி வீங்கினப்பகூட அம்மாகிட்ட சொல்லாதவன் அவன். நான் யோசிச்சிருக்கணும், மேவிஸ். பேசிட்டேன்.”

பசுவின் உடம்பு குலுங்கியது. கூடம் அடங்கிப்போயிற்று. முன்வரிசையில் ஒரு சிறுமி, பசு அழுகிறது, விற்க வேண்டாம் என்று தேம்ப ஆரம்பித்தாள். சிரில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்து, அது பால் கொடுத்திருந்தால் நான் ஏன் விற்கப்போகிறேன் என்று அவளிடம் நியாயம் கேட்டார். சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

திரை விழுந்ததும் இருவரும் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். தெல்மாவின் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கிக்கொண்டே மேவிஸிடம் சொன்னாள்.

“நாளைக்கு மத்தியானம் தயவுசெஞ்சு வெங்காயம் சாப்பிடாத. உள்ள வாடை தாங்கல.”

“பள்ளிக்கூடத்துல நாளைக்கு முட்டைக்கோசு,” என்றாள் மேவிஸ்.

அடுத்த குளிர்காலம், கால் தேறிய டெஸ்மண்ட் தன் இடத்தைக் கேட்டு வந்தார். அது காலியில்லை என்றார் ஆர்ச்சி. அந்த வருஷக் கதையில் பசுவே கிடையாது. மேவிஸ், தெல்மா இரண்டு பேருக்காகவும் ஒரு வண்டிக்குதிரையைச் சேர்த்திருந்தார்.