அம்மனுக்கு வேண்டிய வெண்கலப் பானை

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் எங்கள் வெண்கலப் பானையிலேயே பொங்கல் வைக்கிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். அம்மன் கைவிடவில்லை, பேத்தி பிறந்தாள். பொங்கலுக்கு முதல் நாள் காலை பரணில் பார்த்தால் பானையைக் காணோம். மலைமேல் வாசலூர்பட்டிப் படகுத்துறைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் நாத்தனார், சுற்றுலாக் கூட்டம் அதிகமென்று அண்ணனிடம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். இவரும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துபோனார்.

சொல்லி அனுப்பியதும் அவளே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாள். கோழிக்குழம்பு கொதித்துக் கொதித்து, உள்ளே கழுத்துவரை மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கு. வெளியே கரியோடு சேர்ந்து தார் மாதிரி. கவுச்சி ஏறின பானையில் அம்மனுக்குப் பொங்குவதா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு பானை வாங்கி வரட்டுமா என்று இவர் கேட்டார். நான் வேண்டிக்கொண்டது இந்தப் பானையைச் சொல்லி அல்லவா.

"அழுவாதீங்க அண்ணி. நான் ஏத்துன பிசுக்க நானே எறக்கறனுங்க" என்று நாத்தனார் சேலையை இழுத்துச் செருகினாள்.

முதலில் புளி போட்டுத் தேய்த்தோம். பானை பளபளத்ததே தவிர வழுவழுப்பு போகவில்லை. பிறகு அடுப்புச் சாம்பலைச் சலித்து, பானைத் தண்ணீரில் கலந்து கொதிக்கவிட்டோம். பிசுக்கு அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வந்தது. கொட்டிவிட்டு, சூடு ஆறுமுன் தேங்காய் நாரால் தேய்த்தோம். உள்ளே நான், வெளியே அவள்.

சாமிப் பானைக்கு எங்கள் வீட்டில் ஒரு சோதனை உண்டு. நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறியதும் வெயிலில் வைத்துப் பார்ப்போம். ஒரு பொட்டு எண்ணெய் மிதந்தாலும் ஆகாது. மிதந்தது. மறுபடியும் சாம்பல். மறுபடியும் ஓரத்தில் மினுமினுப்பு.

"கொழம்புல இத்தன எண்ணெயா ஊத்துவ? திங்கறவங்க பஸ் சீட்டுல நிக்காம வழுக்கிருவாங்களே" என்றேன்.

"மலையெறங்கற வளைவுல நோவாம போகட்டும்னுதானுங்க அண்ணி ஊத்தறேன்" என்றாள். இவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் தாழும் நேரத்தில் கடைசித் தண்ணீரை மூவரும் குனிந்து பார்த்தோம். வானம் தெரிந்தது, எங்கள் தலைகள் தெரிந்தன, வேறொன்றும் இல்லை. அவள் ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"வெறுந்தண்ணிங்க அண்ணி."

மறுநாள் கோயில் வாசலில் பால் பொங்கி வழிந்தபோது, பொங்கலோ பொங்கல் என்று அவள் போட்ட சத்தத்தில் பேத்தி திடுக்கிட்டு அழுதாள். அம்மனுக்கும் கேட்டிருக்கும்.