நான் வைத்த பெயருக்கு ஆபரேஷன்

போன செவ்வாய்க்கிழமை காலை. திண்டிவனத்தில் வீட்டில் டீயும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறேன். விழுப்புரத்திலிருந்து அக்கா போன்.

"தம்பி, நிவேதாவுக்கு நேத்து ஆபரேஷன்டா. பயப்படாத, காதுலதான். உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சொல்லிக்கினே இருந்தா. எனக்குத்தான் மனசு கேக்கல."

காதில் ஆபரேஷனா? என்னிடம் ஏன் சொல்லக்கூடாது? — அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

தலையைச் சுற்றிப் பெரிய கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் என் அக்கா மகள். இருபத்தாறு வயது, கணக்கு டீச்சர். நோய் ஒன்றும் இல்லையாம். துருத்திக்கொண்டிருந்த காதுகளைப் பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைத்து, தலையோடு படிய வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சுள்ளென்று கோபம். நன்றாகக் கேட்கிற காதை யாராவது கத்தியால் கீறுவார்களா? பெண் பார்க்க வந்த எவனோ ஏதோ உளறியிருக்கிறான்... வேறென்ன?

"எவன் அவன்? மாப்பிள்ளை வீட்டுல என்னா சொன்னானுங்க?"

"எந்த மாப்பிள்ளையும் ஒண்ணும் சொல்லல மாமா. நீங்கதான் சொன்னீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபம்கூட இல்லை.

உங்களிடம் மறைப்பானேன்? மயிலம் கோயிலில் அவளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்று என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். ஆசாரி காதைப் பிடித்ததும், "பாத்துக் குத்துங்க, மொறம் சைஸுக்கு இருக்குது!" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அவள் எனக்கு 'மொறம்'. ஆமாம், அரிசி புடைக்கிற அதே முறம்தான்.

அதோடு விட்டேனா? அக்கா குடும்பம் அப்போது திண்டிவனத்தில் இருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டில் வண்டியை நிறுத்தி, "ஏ மொறம், ஜல்தியா வா!" என்று கத்துவேன். மறுநாளே வகுப்பு முழுக்க அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டதாம். இத்தனை வருஷம் கழித்து, அந்த ஆஸ்பத்திரியில்தான் எனக்கு இது தெரியவந்தது.

"ரெட்டைச் சடையை மடிச்சுக் கட்டணும்னு ரூல் மாமா. காதை எங்க போயி மறைக்கிறது? 'மல்லாக்கொட்டை புடைச்சுத் தர்றியா மொறம்?'னு பின்னாடி பெஞ்சுல இருந்து ஸ்கேலால தட்டுவாங்க. பாத்ரூம்ல நின்னுக்கினு ரிப்பனால காதை இறுக்கிக் கட்டிப் பார்ப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. ஏழாவது படிக்கும்போது. 'தாய்மாமன் கேலி பண்ணாம வேற எவன் பண்ணுவான்'னு சிரிச்சீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அவளைக் குத்திய வார்த்தை, எனக்கு வந்த வேகத்தில் மறந்துபோன ஒரு ஜோக்!

மாமன், மச்சான் என்றால் கேலி செய்யலாம் — நம் ஊரில் இதற்கு யாரும் தனியாக லைசென்ஸ் வாங்குவதில்லை. ஆனால் கேலிக்கு ஆளானவரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? எல்லாரும் சிரிக்கிறார்களே, அவளும்தானே சிரித்தாள் என்போம். பாவம், அந்தக் குழந்தை வேறென்ன செய்யும்?

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊரையே கிண்டலடித்துப் பிழைக்கிறவன் நான். என் வாய் உங்களுக்குத் தெரியும். அன்று அதே வாயால் "தப்புதான்" என்றேன்.

"பரவால்ல மாமா, விடுங்க."

அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எழுந்துபோய் ஜன்னலோரம் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். இனி இவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

"நிவேதா..."

திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வாசல் கதவைப் பார்த்தாள்.

"யாரோ என் பேரைச் சொன்னாங்களே... யாரு மாமா?"

நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.