கழிவு போக ஒரு அட்டிகை

"அட்டிகை ஒன்று. கல் கழிவு, அரக்குக் கழிவு, அழுக்குக் கழிவு போக" என்று தொடங்கும் மதிப்பீட்டுச் சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஒரு நகைக்கடையில் எழுதித் தந்தது. தேதி இருக்க வேண்டிய மூலையில் தயிர் பட்டு மை கலைந்துவிட்டது. ஆடி மாதம் என்று கணிக்கிறேன். கடையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை, எங்களைப் பார்த்த பிறகுதான் மின்விசிறியையே போட்டார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்தேன்.

தயிர் பட்டதற்குக் காரணம் தெரியும். அப்பா நகைகளையும் சீட்டுகளையும் டிபன் கேரியரின் நடு அடுக்கில் வைத்து எடுத்துப்போவார். மேல் அடுக்கில் தயிர்சாதம். எந்தத் திருடனும் தயிர்சாதத்துக்குக் கீழே தேடமாட்டான் என்பது அவர் எண்ணம்.

நகைகள் பெரியத்தையுடையவை. அப்பாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை. பாரூரில் ஏரிக்கால்வாய்க்கு அருகில் தனியாக வாழ்ந்து இறந்துபோனாள். அவளுடைய ட்ரங்குப் பெட்டியில் மேற்கையில் பூட்டும் ஒரு ஜோடி வங்கி, ஒரு நெற்றிச்சுட்டி, ஒரு ராக்கொடி, சிவப்புக் கற்கள் வைத்த அந்த அட்டிகை ஆகியவை இருந்தன. பங்குக்கு உரியவர்கள் இரண்டு பேர்தான்: அப்பாவும் அவருடைய தங்கையான சின்னத்தையும். சின்னத்தையை ஜவளகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ராகியும் தக்காளியும் போடும் குடும்பம்.

காரியம் முடிந்த அன்று சின்னத்தை சொன்னது ஒரே வாக்கியம்: "சரியா பாத்துப் பண்ணுண்ணா."

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் அது சாதாரண வாக்கியமாகப் போயிருக்கும். அப்பா ஓசூரில் பல்சக்கரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். ஒரு சக்கரம் மயிரிழை கூடிப்போனாலும் சிவப்பு டப்பாவில் போடுகிறவர். தங்கையும் தங்கை வீட்டாரும் பிறகு ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த ஆண்டு அவருக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. மறுப்பதற்கு இடமில்லாத ஒரு விலை அவருக்கு வேண்டியிருந்தது.

அதனால் அந்த ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பேருந்து நிலையங்களாகவே நினைவிருக்கின்றன. சின்னத்தை விடியலில் புறப்பட்டுத் தளி வழியாக ஓசூர் வந்து சேருவாள். அங்கிருந்து அப்பா, அவள், கேரியர், நான். ஓசூர்க் கடைக்காரர் அட்டிகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் ஆளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு ஒரு எடையைக் கழித்தார். கிருஷ்ணகிரியில் அதைவிடக் கூடுதலாகக் கழித்தார்கள்.

"அழுக்கே இவ்ளோ இருக்குமா?" என்றார் அப்பா.

"எத்தனை கழுத்து பாத்துதோ சார். வேர்வை, எண்ணெய், சந்தனம், எல்லாம் உள்ள போய் ஒக்காந்திருக்கும்" என்றார் கடைக்காரர்.

"ஓசூர்ல இதுல பாதிதான் கழிச்சாங்க."

"அப்ப ஓசூர்லயே குடுத்துடுங்க சார்."

சின்னத்தை சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் அவள் அட்டிகையை எடுத்துக் கண்ணாடி முன் கழுத்தருகே கொண்டுபோவாள். ஒவ்வொரு கடையிலும் அப்பா, "வெக்காத, எடை போடப் போறாங்க, வேர்வை பட்டுடும்" என்பார். அவள் கீழே வைத்துவிடுவாள்.

பெங்களூரில் ஒரு பழைய கடையிலும் காட்டினோம். கடைக்காரர் வயதானவர். தராசையே எடுக்கவில்லை. "இது ஹளே கெலசா சார். பழைய வேலை. உருக்காம அப்படியே எடுத்துக்கறேன், ஒரு நல்ல வெலை போட்டுத் தர்றேன்" என்றார்.

"எந்தக் கணக்குல?"

"இதுக்குக் கணக்கு இல்ல சார்."

அப்பா கேரியரை மூடினார். திரும்பி வரும்போது, அத்திப்பள்ளி நெரிசலில் பேருந்து நின்றுகொண்டிருக்கையில் சொன்னார்: "கணக்கு சொல்லாத வெலைய வாங்கிட்டு வந்து உன் வூட்டுக்காரருக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"அவரு ஒண்ணும் கேக்க மாட்டாருண்ணா."

"இன்னிக்குக் கேக்க மாட்டாரு."

சின்னத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கால் வலித்தது. மூவரும் நின்றுகொண்டே ஓசூர் வந்தோம்.

அன்று இரவு அம்மாதான் அப்பாவிடம் சொன்னாள். சின்னத்தையின் கல்யாணத்துக்கு அந்த அட்டிகையைப் பெரியத்தை இரவலாகப் போட்டுவிட்டாளாம். மாலை பந்தி முடிவதற்குள் கழற்றி வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாளாம். "போட்டோ பிடிக்கறதுக்குள்ளயே வாங்கிட்டாங்க. அவளுக்கு அது மனசுல இருக்கும்" என்றாள் அம்மா. அப்பா, "அதுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

கற்களிலும் அரக்கிலும் கடைகள் ஓரளவு ஒத்துப்போயின. தகராறு அழுக்கில்தான் என்று அப்பா கண்டுபிடித்தார். அழுக்கை எடுத்துவிட்டால் எல்லாரும் ஒரே விலைக்கு வந்தாக வேண்டும். கம்பெனியில் சக்கரங்களைக் கழுவ ஒரு தொட்டி இருந்தது. சோப்பு கலந்த வெந்நீர். சுவிட்சைப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத அதிர்வில் இடுக்கிலுள்ள பிசுக்கெல்லாம் உதிர்ந்துவிடும். ஆனால் நகையைப் பையில் வைத்துக் கேட்டைத் தாண்ட முடியாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சோதனை. ஆண்டில் ஒருநாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். பெண்களின் கழுத்தில் இருப்பதை அன்று யாரும் கேட்பதில்லை.

ஆயுத பூஜையன்று சின்னத்தை அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, அட்டிகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தாள்.

"என்னாம்மா, வூட்டுல விசேஷமா?" என்றார் வாட்ச்மேன்.

"ஆமாண்ணா, முதல் பந்திக்கே வந்துடுங்க" என்றாள் சின்னத்தை.

எந்திரங்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டிச் சந்தனம் வைத்திருந்தார்கள். பொரிப் பொட்டலத்தோடு நான் பின்னால் நடந்தேன். அவள் ஒவ்வொரு எந்திரத்தின் முன்னும் நின்று பார்த்தாள். இரும்பைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையா என்று வியந்தேன். அப்பாவோடு வேலை செய்பவர்களின் மனைவிமார் அட்டிகையைத் தொட்டுப் பார்த்து விசாரித்தார்கள். முதலில் கேட்டவளிடம், "எங்க அக்காது" என்றாள். பிறகு கேட்டவளிடம், "என்னுது" என்றாள். பாதிதானே அவளுடையது என்று எனக்குத் தோன்றியது.

பூஜை முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் அப்பா கூப்பிட்டார். "கழட்டு."

"கொக்கி வரலண்ணா."

"காட்டு, நான் பாக்கறேன்."

"நீ இழுத்து ஒடச்சிடுவே. அழுக்கு அடைச்சிருக்கு. செத்த இரு, தானா வரும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஒரு சுற்றுப் போனாள். மேலாளர் அறையின் கண்ணாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. அதன் முன் வெகுநேரம் நின்றாள். அப்பா கோபப்படவில்லை. கொக்கி வரை அழுக்கு இருக்கிறது என்பது அவர் கட்சிக்கு வலுச் சேர்த்தது.

திரும்பி வந்து கழற்றிக் கொடுத்தாள். "பூஜை அன்னிக்கு மிஷின ஓட்டலாமா?" என்றாள் அம்மா. "இது மிஷின் இல்ல, தொட்டி" என்றார் அப்பா.

தொட்டி வண்டுபோல் ரீங்கரித்தது. நீர் தேநீர் நிறமாக மாறியது. "பாரு, எவ்ளோ அழுக்கு" என்று அப்பா எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு நீர் கறுத்தது. அடியில் டிக், டிக்கென்று சத்தம் கேட்டது. அப்பா சுவிட்சை அணைத்துக் கூடையைத் தூக்கினார். அட்டிகையின் உள்ளே இருந்தது அரக்கு. கற்களைப் பிடித்திருந்ததும் அதே அரக்குதான். வெந்நீரில் அது இளகி வெளியேறிவிட்டது. மிஞ்சிய தங்கம் காலியான மாத்திரை அட்டைபோல் நசுங்கிக் கிடந்தது.

வெளியே பொரிக்காகப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா இருந்திருந்தா உன்ன ஒதைச்சிருப்பா" என்றாள் சின்னத்தை கடைசியில். குரலில் கோபமில்லை, களைப்புத்தான்.

தீபாவளிக்கு முன் அதே கடைகளுக்கு மறுபடி போனோம். தங்கம் இப்போது வெறும் தங்கம். எல்லாக் கடையிலும் ஒரே எடை, கழிவு எதுவுமில்லை. அப்பா தேடிய விலை கிடைத்துவிட்டது. மற்ற நகைகளோடு சேர்த்து விற்று, சரிபாதியைச் சின்னத்தையின் கையில் வைத்துவிட்டு, "இப்ப சரியா இருக்குல்ல?" என்றார்.

"சரியா இருக்குண்ணா. கழிச்சாங்களே, அது எங்க?"

"எது?"

"கல்லு, அரக்கு, அழுக்கு. அதுக்குத்தான் வெலையே இல்லன்னாங்களே. அது எனக்கு."

வண்டலோடு வடித்து வைத்திருந்ததை அப்பா கேரியரின் நடு அடுக்கோடு கொடுத்துவிட்டார். பாதிப் பங்கும் வாங்கிக்கொண்டு குப்பையையும் கேட்கிறாளே என்று நான் சிரித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

கொக்கி வெள்ளியாம், பிற்காலத்தில் மாற்றியதாம். ஆகவே அதுவும் கழிவில் சேர்ந்து ஜவளகிரிக்குப் போயிருந்தது. இந்தக் குறிப்பை எழுதுவதற்காகச் சென்ற மாதம் அங்கே போனபோது அதை வாங்கிப் பார்த்தேன். விரல் நகம் பட்டாலே திறந்துகொள்கிறது. தொட்டியில் கழுவியதால் இளகியதா, முன்பே அப்படித்தான் இருந்ததா என்று அத்தையிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆயுத பூஜையன்று அந்தக் கொக்கி உண்மையிலேயே இறுகியிருந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.